நல்ல டயர் பின்னால்

புசல்லாவை
2024.09.02

அன்ட்ரூவுக்கு,

நலமா என்று கேட்க இதை எழுதவில்லை. உன் நம்பரை என் போனில் மறித்து வைத்திருக்கிறேன். மகள் ஜெஸ்மினிடமும் மறிக்கச் சொல்லிவிட்டேன். போனில் பேசினால் நான் கத்துவேன், பக்கத்து வீட்டார் ஓடி வருவார்கள். அதனால்தான் கடிதம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் நீயே திருத்தி வாசி.

உன் அண்ணனைப் புதைத்துப் பத்து நாள். பெட்டியைத் தூக்க நீ வந்தபோது எல்லார் முன்னாலும் உன் கையைத் தட்டிவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அந்தக் கையால்தானே அந்தக் காரின் ஸ்பிரிங்கைக் கழற்றினாய்.

இருபத்திரண்டு வருசம் அவர் அந்த லான்சர் பொக்ஸை இந்த ரோட்டில் ஓட்டினார். பேராதனை ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றிக்கொண்டு போனார், பிரசவக்காரிகளை ஏற்றிக்கொண்டு போனார். ஒரு நாள் ஒரு கீறல் விழவில்லை. ஜூன் மாதம் உன் கராஜில் ஒரு கிழமை கிடந்தது. வரும்போது நாலு விரல் உயரம் பதிந்து வந்தது. அகலமான டயர், கறுப்பு ரிம். நம் வீட்டு மேட்டில் ஏறும்போது அடி உரசியது. "என்னங்க இது, பொடியனுங்க கார் மாதிரி இருக்கு" என்றேன். "ஓட்டிப் பாத்தா தெரியும் மார்கிரட், தண்டவாளத்துல போற மாதிரி போகுது" என்றார். ஜூன், ஜூலை, ஓகஸ்ட். மூன்றாவது மாதம் மழையில் வளைவில் சுழன்று மதகில் அடித்துச் செத்துப் போனார்.

பொலிஸில் கேட்டார்கள், காரில் ஏதாவது மாற்றினீர்களா என்று. அன்று எனக்கு வாய் வரவில்லை. ஒக்டோபர் 22ஆம் திகதி நீதிமன்றத்தில் என்னைக் கேட்பார்களாம். அன்று வரும். என் கொழுந்தன் மாற்றினான், அதனால் என் புருசன் செத்தார் என்று சொல்லப் போகிறேன். உன் கராஜைப் பூட்டுவார்களோ, உன்னை உள்ளே போடுவார்களோ, அது அவர்கள் பாடு.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு வராதே.

மார்கிரட்


குண்டசாலை
2024.09.09

மதினிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நீங்கள் சொல்லப் போவதைச் சொல்லுங்கள். ஆனால் நடந்ததை முழுதாகச் சொல்லுங்கள்.

நான் அந்தக் காரைக் கேட்டு வாங்கவில்லை. அண்ணன்தான் கொண்டுவந்தார். "டேய், கம்பளைக்கு இறங்குறதுக்குள்ள பேஷன்ட் எல்லாம் வாந்தி எடுக்குதுடா. வளைவுல வண்டி தொட்டில் மாதிரி சாயுது. போன கெழம ஆபரேசன் பண்ணின ஒரு அம்மா அழுதுருச்சு. ஏதாவது செய்" என்றார். அதற்காகத்தான் செய்தேன். பந்தயத்துக்கு இல்லை.

அந்த ஸ்பிரிங் நாற்பது வருசத்து ஸ்பிரிங். களைத்துப் போயிருந்தது. ஆட்டத்தை அடக்குகிற சொக் இரண்டில் எண்ணெய் கசிந்தது. கண்டியில் பொடியன்கள் செய்வதுபோல ஸ்பிரிங்கை அறுத்துக் குட்டையாக்க நான் ஒன்றும் மடையன் இல்லை. அளவு பார்த்து, கொஞ்சம் குட்டையான, விறைப்பான ஸ்பிரிங் நாலு போட்டேன். புது சொக் போட்டேன். இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற குறுக்குக் கம்பியைத் தடிப்பாகப் போட்டேன். அதுதான் சாயாமல் வைத்திருப்பது. பிரேக் முழுதும் பிரித்துச் செய்தேன். அது பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஜூலையில் கண்டிக்கு வந்தபோது என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "தம்பி, வளைவுல பிளாஸ்க்ல இருந்து தேத்தண்ணி ஊத்திக் குடிச்சேன், ஒரு சொட்டு சிந்தல" என்றீர்கள். என் கராஜில், என் கதிரையில் இருந்துகொண்டு சொன்னீர்கள். அதையும் நீதிமன்றத்தில் சொல்லுங்கள்.

உங்களுக்குப் புருசன் போனார். எனக்கு யார் போனது? அம்மா செத்தபோது எனக்குப் பதினொரு வயது. அதற்குப் பிறகு எனக்கு இருந்தது அவர் ஒருவர். பெட்டியில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை என்று நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்?

அன்ட்ரூ


புசல்லாவை
2024.09.15

அன்ட்ரூ,

தேத்தண்ணி சிந்தவில்லை என்று சொன்னேன். சொன்னதுதான். அதைத்தான் இப்போது ஒவ்வொரு நாளும் நினைத்துப் பார்க்கிறேன்.

முன்பு அந்தக் கார் சாயும். சாயும்போது என் பிளாஸ்க் உருளும், நான் அவர் தோளில் இடிப்பேன், "மெதுவா போங்க" என்பேன், அவரும் காலை எடுப்பார். கார் பயந்தது, அவரும் பயந்தார். நீ சாயாமல் செய்தாய். பிறகு அவருக்கு எந்த வளைவிலும் பயம் வரவில்லை. நீ ஸ்பிரிங்கை மட்டுமா கழற்றினாய்? அவர் பயத்தையும் சேர்த்துக் கழற்றி உன் கராஜில் எங்கேயோ போட்டுவிட்டாய். இதற்கு என்ன அளவு பார்த்தாய், சொல்.

நேற்று கார் நிற்கிற பொலிஸ் முற்றத்துக்குப் போனேன். கண்ணாடியில் தொங்கிய செபமாலையை எடுத்துக்கொண்டு வர. பொலிஸ்காரப் பிள்ளை நல்லவன், உள்ளே விட்டான். கதவில் கோவில் திருநாளுக்கு ஒட்டிய கடதாசிப் பூ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மழையில் சாயம் போய் வெள்ளையாகிவிட்டது. அவர் சாக மூன்று நாள் முன்னால்தானே அந்தக் கார் மாதாவைச் சுமந்தது. போன வருசம் பிக்கப்பில் வைத்து சொரூபம் ஆடி, நாலு பேர் பிடித்துக்கொண்டே போனார்கள். இந்த வருசம் பாதரே வந்து, "சுவக்கின், உங்க கார் சாயாதாமே, கூரையில பலகை கட்டி மாதாவை வச்சிருவோம்" என்றார். உன் அண்ணன் அன்று இரவு தூங்கவில்லை. அவ்வளவு பெருமை. எல்லாரிடமும் "என் தம்பி செஞ்ச வேலை" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மாதாவை ஆடாமல் கொண்டுபோன கார், அவரை ஏன் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை?

உனக்குப் பதினொரு வயதில் அம்மா செத்தார். உன் பதினாலு வயதில் நான் இந்த வீட்டுக்கு வந்தேன். உன் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் துவைத்தது யார்? கிரீஸ் பூசிக்கொண்டு வந்து சோற்றில் கை வைப்பாய், மண்ணெண்ணெய் போட்டு விரல் விரலாகத் தேய்த்துவிட்டது யார்? நீ எனக்கு உரிமைக் கணக்குச் சொல்ல வராதே.

மார்கிரட்


குண்டசாலை
2024.09.24

மதினி,

முப்பத்தோராம் நாளுக்கு வந்தேன். நீங்கள் வராதே என்றதால் கோவிலுக்குள் வரவில்லை. எதிரே பேக்கரி வாசலில் நின்றேன். ஜெஸ்மின் என்னைக் கண்டாள். நீங்களும் கண்டீர்கள், குடையை நான் நின்ற பக்கம் சரித்துக்கொண்டு போனீர்கள்.

இப்போது கேளுங்கள். மோட்டார் பரிசோதகரின் அறிக்கை வந்திருக்கிறது. நான் போய்க் கேட்டு வாசித்தேன். பிரேக் சரி. ஸ்டியரிங் சரி. ஸ்பிரிங் உடையவில்லை, சொக் கழலவில்லை. ஈர ரோட்டில் பின் டயர் பிடி விட்டது, கார் சுழன்றது என்று எழுதியிருக்கிறார். பின் டயர் பழைய டயர் என்று எழுதியிருக்கிறார்.

பின்னால் எப்படிப் பழைய டயர் வந்தது?

அந்த அளவில் எனக்கு அப்போது இரண்டு புது டயர்தான் கிடைத்தது. இரண்டையும் பின்னால் போட்டேன். ரிம்மோடு வந்த பழையது இரண்டும் முன்னால். மாறிப் போகக்கூடாது என்று புது டயரின் உள்பக்கம் வெள்ளைப் பெயின்டில் "பின்" என்று என் கையால் எழுதினேன். பொலிஸ் முற்றத்தில் படுத்துப் பார்த்தேன் மதினி. "பின்" என்று எழுதிய இரண்டும் முன்னால் இருக்கின்றன.

இந்த ரோட்டில் எல்லாரும் நல்ல டயரை முன்னால்தான் போடுவார்கள். அது பிழை. முன் டயர் வழுக்கினால் கார் நேரே போகப் பார்க்கும். ஸ்டியரிங் கையில் லேசாகும், ஓட்டுகிறவருக்கு உடனே தெரியும், காலை எடுத்தால் திரும்பப் பிடித்துக்கொள்ளும். பின் டயர் வழுக்கினால் ஒன்றும் தெரியாது. தெரியும்போது கார் பாதி சுற்றி முடிந்திருக்கும். பயந்து பிரேக்கை மிதித்தால் மீதியும் சுற்றும். யாராலும் பிடிக்க முடியாது. விறைப்பான ஸ்பிரிங் போட்ட காரில் அது இன்னும் சட்டென்று நடக்கும். அதனால்தான் நல்ல டயர் பின்னால். அண்ணனிடம் நாலு தரம் சொன்னேன். தலையாட்டினார்.

தலையாட்டிவிட்டுப் போய் மாற்றியிருக்கிறார். அவர் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா? செத்தவர் மேல் இவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைக்கவில்லை. கல்லறைக்குப் போய் நின்று ஏசிவிட்டு வந்தேன்.

அவராகச் செய்தாரா, வேறு யாராவது செய்தார்களா? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

அன்ட்ரூ


புசல்லாவை
2024.10.02

அன்ட்ரூ,

பேச முடியாதவர் மேல் பழி போடாதே. அவர் பிடிவாதக்காரர்தான், ஆனால் நீ சொன்னதைக் கேட்கிற ஆள். உன் வாயில் இருந்து வந்தால் வேதவாக்கு என்று நினைத்த ஆள். அவர் கல்லறையில் நின்று ஏசுவதற்கு உனக்கு வெட்கமாக இல்லையா?

அறிக்கை, டயர் என்று எனக்கு எழுதாதே. அதெல்லாம் எனக்குத் தெரியாது. 22ஆம் திகதி பார்ப்போம்.

மார்கிரட்


குண்டசாலை
2024.10.14

மதினி,

நேற்று புசல்லாவைக்கு வந்தேன். உங்கள் வீட்டுக்கு இல்லை. சந்தியில் டயர் கடை வைத்திருக்கிற பெரியதம்பியிடம் போனேன். சுவக்கின் அண்ணன் எப்போது டயர் மாற்றினார் என்று கேட்டேன். முதலில் ஞாபகம் இல்லை என்றார். தேத்தண்ணி வாங்கித் தந்தார். அரை மணித்தியாலம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு சொன்னார்.

எனக்குத் தெரியும். அதற்கு மேல் எழுதவில்லை.

பொலிஸில் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். பெரியதம்பியும் சொல்ல மாட்டார், அவரே பயந்து போயிருக்கிறார். 22ஆம் திகதி நீங்கள் நினைத்ததையே சொல்லுங்கள். கொழுந்தன் மாற்றினான் என்று சொல்லுங்கள். நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இதை நான் பெருந்தன்மையில் எழுதவில்லை. என் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. டயரின் பக்கத்தில் ஒரு சிறிய வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு, டயர் செய்தது வருசத்தின் எத்தனையாம் கிழமை என்பது, பின் இரண்டு எந்த வருசம் என்பது. நான் கழற்றாமல் விட்ட பழைய டயரில் 2411 என்று இருந்தது. பதின்மூன்று வருசத்து டயர். ரோட்டைப் பிடிக்கிற வெட்டு ஆழமாகத்தான் இருந்தது, ஆனால் ரப்பர் கல்லு மாதிரி. நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பதியவில்லை. "திருநாள் முடியட்டும், மற்ற இரண்டையும் எடுத்துத் தாறேன்" என்று அண்ணனிடம் சொன்னேன். அந்த டயரோடு நான் காரை வெளியே விட்டிருக்கக்கூடாது. வேலை தெரிந்தவன் நான்.

ஆகையால் என் பேரைச் சொல்லுங்கள். உங்களுக்கு ஜெஸ்மின் இருக்கிறாள். அவளுக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

அன்ட்ரூ


புசல்லாவை
2024.10.23

அன்ட்ரூ,

நீ எனக்குப் பிச்சை போடுகிறாயா?

உன் கடிதத்தை வாசித்த அன்று நான் சாப்பிடவில்லை. பிறகு கோபத்தில் இரண்டு தட்டு சாப்பிட்டேன். "எனக்குத் தெரியும், அதற்கு மேல் எழுதவில்லை." ஏன் எழுதவில்லை? எழுதியிருக்கலாமே. மதினி, நீங்கள்தான் மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுத உன் பேனையில் மை இல்லையா? என் புருசனுடைய சாவை எனக்கு மறைத்து வைக்க நீ யார்?

நேற்று நீயும் பின் வரிசை வாங்கில் இருந்தாய். நீதவான் சிங்களத்தில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன், மொழிபெயர்க்கிறவர் சொன்னார். எல்லாம் கேட்டிருப்பாய். டயரை மாற்றச் சொன்னது நான், என் புருசன் இல்லை, என் கொழுந்தனும் இல்லை என்று சொன்னேன். உடனே நீ எழும்பி, யாரும் கேட்காமல், 2411 கதையை எடுத்துவிட்டாய். "ஒருவர் ஒருவராகப் பேசுங்கள்" என்று நீதவான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இரண்டு பேர் வந்து குற்றம் எனக்கு, எனக்கு என்று இழுபறிப்படுவதை அந்த மனுசன் இதற்கு முன் கண்டிருக்க மாட்டார். பெரியதம்பி தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த தவணை ஜனவரி. என்ன ஆகுமோ ஆகட்டும்.

வெளியே வந்ததும் "மதினி" என்று கூப்பிட்டாய். நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பேசினால் ரோட்டில் வைத்து உன்னை அடித்திருப்பேன். இப்போது சொல்கிறேன், கேள்.

திருநாளுக்கு முதல் நாள், சனிக்கிழமை. அவர் பூ எடுக்க கம்பளைக்குப் பஸ்ஸில் போய்விட்டார். காரைக் கழுவியது நான். எப்போதும் நான்தான் கழுவுவேன், உனக்கே தெரியும். முன் டயர் இரண்டும் வெடிப்பு விழுந்து, பழைய செருப்பு மாதிரி இருந்தது. பின்னால் புதுசு பளபளவென்று. மாதா வருகிற கார். ஊரே முன்னால் நின்று பார்க்கும், போட்டோ எடுக்கும். நல்லதைப் பின்னால் ஒளித்துவிட்டு, நைந்ததை முன்னால் காட்டிக்கொண்டு மாதாவைக் கூட்டிப் போவதா? பக்கத்து வீட்டு ஸிபானைக் கூப்பிட்டு, காரைச் சந்திக்குக் கொண்டுபோகச் சொன்னேன். கூடவே போனேன்.

ஜாக்கி போடக் குனிந்தபோது பெரியதம்பி உன் எழுத்தைக் கண்டார். "அக்கா, அன்ட்ரூ பாஸ் பின்னுன்னு எழுதி வச்சிருக்காரு."

"அவரு அவருக்கு எழுதி வச்சிருப்பாரு. இது மாதா வர்ற காரு. நல்லத முன்னுக்குப் போடுங்க."

"அதுவும் சரிதான். எல்லாரும் முன்னுக்குத்தானே போடுறாங்க" என்று கழற்றினார்.

அவர் பூவோடு வந்தார். கண்டார். சிரித்தார். "ஐயோ மார்கிரட், அன்ட்ரூ கண்டா என்னைக் கொன்னே போட்டுருவான். சரி, மாதாவுக்காக இருக்கட்டும். செவ்வாக்கிழம மாத்திர்றேன்" என்றார். செவ்வாய்க்கிழமை ஹயர் ஓட்டம் வந்தது. புதன்கிழமை மழை வந்தது.

இதுதான் நடந்தது. இரண்டு மாதம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் உனக்கு ஏசி ஏசி எழுதினேன். உன் செப்டம்பர் 24ஆம் திகதி கடிதம் வரும்வரை எனக்கு டயர் காரணம் என்று தெரியாது. அது சத்தியம். அதற்குப் பிறகு எழுதியது பொய். அதுவும் சத்தியம். பாதரிடம் சொல்லிவிட்டேன், ஜெஸ்மினிடமும் சொல்லிவிட்டேன். அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று நீ எழுதினாயே, அவளுக்குப் பத்தொன்பது வயது. அவள் அழுதாள், பிறகு என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள்.

ஆனால் என் கோபம் குறையவில்லை, அன்ட்ரூ. இப்போதுதான் அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது.

ஜூனில் காரை எடுக்க அவரோடு நானும் வந்தேன். நீங்கள் இரண்டு பேரும் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு பேசினீர்கள். நான் தேத்தண்ணியோடு நின்றேன். ஆறிப் போய், திரும்பச் சுட வைத்துக்கொண்டு வந்து நின்றேன். "என்ன தம்பி, டயர் பத்தி என்னமோ சொல்றீங்க" என்று கேட்டேன். நீ தலையை வெளியே நீட்டி என்ன சொன்னாய்? "அது டெக்னிக்கல் மதினி, உங்களுக்கு வேணாம்." அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்று பேரும் சிரித்தோம்.

உன் கடிதத்தில் முன் டயர் வழுக்கினால் இப்படி, பின் டயர் வழுக்கினால் அப்படி என்று பத்து வரி எழுதினாய். ஐந்தாம் வகுப்புக்காரிக்கு முதல் வாசிப்பிலேயே புரிந்தது. அந்தப் பத்து வரியை ஜூனில் எனக்குச் சொல்ல உனக்கு என்ன கேடு? காரைக் கழுவுகிறவள் நான். பக்கத்தில் உட்காருகிறவள் நான். இந்த வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்று மாற்றி வைக்கிறவள் நான். "பின்" என்று இரண்டு எழுத்து எழுதினாய். ஏன் என்று எழுதினாயா? ஏன் என்று தெரிந்திருந்தால் மாதாவே வந்து சொன்னாலும் நான் மாற்றியிருக்க மாட்டேன்.

நீ பழைய டயரை விட்டது பிழை. நான் மாற்றியது பிழை. அவர் செவ்வாய்க்கிழமை என்றது பிழை. இந்த மூன்றையும் நான் சுமப்பேன். அந்த ஒரு சிரிப்பைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

கராஜைப் பூட்டப் போகிறேன் என்று நீ நீதிமன்ற வாசலில் பெரியதம்பியிடம் சொன்னாயாம். பூட்டாதே. பூட்டினால் உனக்கு லேசு. நீ அதே கராஜில் நிற்க வேண்டும். வருகிற காருக்கு ஸ்பிரிங் மாற்று, டயர் மாற்று, பதித்துக் கொடு, உயர்த்திக் கொடு. ஆனால் காரில் இருந்துகொண்டு காத்திருக்கிற பொம்பளைகளை இறக்கிக் கூப்பிட்டு, குனிய வைத்து, இலக்கத்தைக் காட்டி, ஏன் என்று சொல். சிங்களத்திலும் சொல், தமிழிலும் சொல். சுவரில் பெரிதாக எழுதிப் போடு. சின்ன எழுத்தில் உள்பக்கம் எழுதாதே.

நவம்பர் 21ஆம் திகதி மூன்றாம் மாதப் பூசை. வியாழக்கிழமை, காலை ஆறரைக்கு. நீ வர வேண்டும், பேக்கரி வாசலில் இல்லை, உள்ளே, எங்களோடு முதல் வாங்கில். பூசை முடிந்து வீட்டுக்கு வா. சோறு ஆக்கி வைப்பேன். கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வராதே. கோபத்தோடுதான் போடுவேன்.

பஸ்ஸில் வராதே, உன் காரில் வா. நான் வாசலில் நிற்க மாட்டேன். உன் காருக்குப் பின்னால் போய்க் குந்தி, இரண்டு டயரிலும் நாலு இலக்கத்தை வாசிப்பேன். எனக்கு இப்போது அதை வாசிக்கத் தெரியும். சந்தியில் நிற்கிற பஸ்களின் டயர் முழுதும் வாசித்துப் பழகிவிட்டேன், கண்டக்டர்மார் என்னைப் பைத்தியம் என்கிறார்கள்.

இலக்கம் சரியாக இருந்தால்தான் வீட்டுக்குள் விடுவேன்.

மதினி